கெண்டியோடு சேர்ந்த கை

கெண்டியின் கைப்பிடி உடைந்ததற்குக் காரணம் பூனை. அந்தப் பூனையை நாலு திட்டு திட்டிவிட்டு எலாதியோ ஹாட்ஜ் வீட்டிலேயே கிடந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஆனால் கடைத்தெருவில் டோமினோ கட்டை ஆடிக்கொண்டிருந்த எவனோ ஒருவன் அவன் காதில் போட்டுவிட்டான்: "மண்டல வரலாற்று மரபுக் கழகத்துல பழைய பானை சட்டியெல்லாம் ஒட்டித் தர்றாங்களாம்ப்பா. அதுவும் சும்மா." அரசாங்கம் சும்மா எதையாவது செய்து தருகிறது என்று கேள்விப்பட்டால் எதிர்த்திசையில் ஓடத் தெரிந்திருக்க வேண்டும். எலாதியோவுக்கு முப்பத்தொன்பது வயதாகியும் அது தெரியவில்லை.

சாந்தா பிரிகிதா சர்க்கரை ஆலை ஊர். ஆலை நின்று போய்விட்டது, ஆலையின் பேஸ்பால் அணி மட்டும் நிற்கவில்லை. அந்த அணியின் பந்துவீச்சாளன் எலாதியோ. அவன் அப்பாவும் வீசினார், தாத்தாவும் வீசினார். தாத்தா கரும்பு வெட்டச் சின்னத் தீவு ஒன்றிலிருந்து படகேறி வந்தபோது கொண்டுவந்தது இரண்டு சட்டையும் இந்த மண்கெண்டியும்தான். மூக்கு நீண்டு, வயிறு பெருத்து, கறுத்துப்போன கெண்டி. முந்தின நாளே அதில் தண்ணீர் ஊற்றி, முள்சீத்தா இலை இரண்டைப் போட்டு வைப்பார்கள். வீசுகிறவன் மைதானத்து நடுவிலுள்ள மண்மேட்டில் ஏறுவதற்கு முன்னால் அவன் வீட்டுப் பெண் அந்தத் தண்ணீரைத் தோளிலிருந்து விரல்நுனி வரை ஊற்ற வேண்டும். துடைக்கக் கூடாது. வீசி முடித்துச் சூடேறிய கையில் மட்டும் ஒரு சொட்டுக் குளிர்ச்சியும் படக் கூடாது. பட்டால் கை இழுத்துக்கொள்ளும், அப்புறம் கரண்டிகூடப் பிடிக்க முடியாது என்பது அந்தக் கரையோரம் முழுக்க எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை லா கலேரா ஊரோடு இறுதி ஆட்டம். எலாதியோ இதுவரை ஒரு இறுதி ஆட்டத்திலும் ஜெயித்ததில்லை. தோளைத் தூக்கினால் எண்ணெய் காணாத கதவு மாதிரி சத்தம் வர ஆரம்பித்திருந்தது. அடுத்த வருஷம் இந்தக் கை இருக்காது என்பது அவனுக்கும் தெரியும், அவன் மனைவி நெரெய்தாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. ஆகவே ஞாயிற்றுக்குள் கைப்பிடி ஒட்டியாக வேண்டும் என்று திங்கட்கிழமை காலையே கெண்டியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

கழகம் இருந்த கட்டடம் முன்னாளில் ஆலையின் சம்பள அலுவலகம். கரும்பு வெட்டிகள் வரிசையில் நின்று கூலி வாங்கிய ஜன்னல் அப்படியே இருந்தது. இப்போது அதன் பின்னால் வரலாறு உட்கார்ந்திருந்தது. வரிசை மட்டும் பழைய இடத்திலேயே நின்றது. எலாதியோவின் முறை வந்தபோது ஒந்தினா என்ற பழம்பொருள் பாதுகாப்பு அதிகாரி அம்மாள் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கெண்டியை வாங்கினாள். முகத்துக்கு நேரே பிடித்து மோந்து பார்த்தாள்.

"இதோட கைப்பிடி எப்பப் பிரிஞ்சது?"

"சனிக்கிழமைங்க."

"எந்த நூற்றாண்டுன்னு கேக்குறேன்."

"இந்த நூற்றாண்டு சனிக்கிழமைதாங்க. பூனை தள்ளிவிட்டுடுச்சு."

அவள் எழுதிக்கொண்டாள். எழுதியதை வாய்விட்டே படித்தாள்: "பிரிந்த காலம் உறுதியில்லை. விலங்கு வழிபாட்டோடு தொடர்பு இருக்கலாம்."

"அம்மா, ஞாயித்துக்கிழமைக்குள்ள ஒட்டித் தருவீங்களா?"

ஒந்தினா பேனாவைக் கீழே வைத்தாள். "ஒட்டுறதா? இது காயம். காயத்த மறைக்கிறது வரலாற்றுக்குப் பண்ற துரோகம். உங்களுக்குப் புரியாது."

"புரியலைங்க. சரி, குடுங்க. நானே மரப்பிசின் தடவி ஒட்டிக்கிறேன்."

"குடுக்க முடியாது. பதிவாயிடுச்சு."

"என்னோடதுங்க அது!"

"உங்க கையில இருந்த வரைக்கும் உங்களோடதுதான். யாரு இல்லேன்னா?" என்றாள் ஒந்தினா, ரொம்ப நியாயமாக. கெண்டியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். அடுத்த ஆள் கையில் ஒரு பழைய இஸ்திரிப்பெட்டி இருந்தது. "ஓடிடு" என்று அவனுக்குக் கண்ணால் ஜாடை காட்டினான் எலாதியோ. அந்த ஆளோ சலுகை ஏதோ கிடைக்கப்போகிறது என்ற நினைப்பில் சிரித்தபடி முன்னால் போனான்.

விடாமல் கத்தியதால் எலாதியோவை இயக்குநரிடம் அழைத்துப் போனார்கள். டாக்டர் ஃபுல்ஹென்சியோ பெனால்பா இந்த மாகாணத்துக் கதவுக் கொண்டிகளைப் பற்றி ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். அவருடைய அறைக் கதவுக்குக் கொண்டி கிடையாது, உள்ளே நாற்காலியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். எலாதியோ தன் பக்கத்தைச் சொன்னான். டாக்டர் மேற்கூரையைப் பார்த்தபடி கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, கெண்டி இனி மாகாணத்தின் சொத்து, அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து எல்லாரும் பார்க்கலாம், எலாதியோவும் வரிசையில் வந்து பார்க்கலாம் என்றார்.

அப்போதுதான் எலாதியோவுக்கு வாழ்நாளில் முதன்முறையாக ஒரு நல்ல வாதம் தோன்றியது. அதுதான் அவனுக்கு வினையாகப் போயிற்று.

"டாக்டர், தனியா வச்சா அது வெறும் மண்ணுங்க. அந்தத் தண்ணி என் கையில விழுந்தாத்தான் அதுக்குப் பேரு. என் அப்பா கை, தாத்தா கை, இப்ப என் கை. கெண்டியும் கையும் சேர்ந்து ஒண்ணு. ஒண்ண மட்டும் பூட்டி வச்சுக்கிட்டு நீங்க என்னத்தக் காட்டப் போறீங்க?"

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்துத் திரும்ப மாட்டினார். எலாதியோ ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தான்.

"ஒந்தினா!" என்று கூப்பிட்டார் டாக்டர். குரல் தழுதழுத்தது. "எவ்வளவு பெரிய தப்பு நடக்க இருந்தது பாருங்க. பாதிப் பொருளத்தான் பதிவு பண்ணியிருக்கோம்!"

அரைமணி நேரத்துக்குள் எலாதியோவின் வலதுகை அளக்கப்பட்டது, எடை போடப்பட்டது, நான்கு பக்கமும் படம் எடுக்கப்பட்டது. கெண்டிக்கு 1174-அ, கைக்கு 1174-ஆ. மணிக்கட்டில் நூலால் ஒரு சீட்டைக் கட்டினார்கள். கை எங்கே முடிந்து ஆள் எங்கே ஆரம்பிக்கிறான் என்பதில் மட்டும் டாக்டருக்கும் ஒந்தினாவுக்கும் கருத்து வேறுபாடு. தோள்பட்டை கையைச் சேர்ந்தது என்றார் டாக்டர். கழுத்துத் தசையும் இழுபடுகிறதே என்றாள் ஒந்தினா. கடைசியில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, மேற்கொண்டு ஆய்வு தேவை என்று முடித்துக்கொண்டார்கள்.

"கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நான் என்னங்க?" என்று கேட்டான் எலாதியோ.

"நீங்களா?" டாக்டர் யோசித்தார். "நீங்க தாங்கி. சிலைக்குக் கீழ பீடம் இருக்குல்ல, அந்த மாதிரி. தப்பா எடுத்துக்காதீங்க, பீடமும் முக்கியந்தான்."

பிறகு ஒந்தினா விதிகளைப் படித்தாள். கையைக் கழுவக் கூடாது. அதிலிருக்கும் அழுக்கு காலப்படிவு. (அன்று காலை அவன் மோட்டார் சைக்கிள் சங்கிலிக்குக் கிரீஸ் போட்டிருந்தான். அந்தக் கிரீஸுக்கும் தனியாக ஒரு எண் கிடைத்தது.) சொறியக் கூடாது. வெயிலில் காட்டக் கூடாது. யாருக்கும் கை கொடுக்கக் கூடாது. பருத்திக் கையுறை மாட்டியிருக்க வேண்டும். எறிதல், வீசுதல், தூக்குதல் எல்லாம் பொருளைச் சேதப்படுத்தும் குற்றம், ஜெயில் உண்டு.

"ஞாயித்துக்கிழமை ஆட்டம் இருக்குங்க!" என்று அலறினான் எலாதியோ.

"அதுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் குடுக்கலாமே. நாங்க என்ன மனசாட்சி இல்லாதவங்களா?" என்றார் டாக்டர்.

கையோடு எலாதியோ வீடு திரும்பியபோது நெரெய்தா வாசலில் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மைதானத்தில் யானிகேகே என்ற பொரித்த ரொட்டி விற்பது அவள் தொழில். அவனுக்குப் பின்னால் வந்த கழக ஊழியன் ஒரு தாளை நீட்டி, பொருளின் வீட்டுக் காவலராகக் கையெழுத்துப் போடச் சொன்னான். அவள் தாளைப் பார்த்தாள், கையுறையைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள்.

"ஏய்யா, கெண்டிய ஒட்டப் போனவன் கையத் தொலைச்சுட்டு வந்து நிக்கிறியே?"

"தொலைக்கலடி. இதோ இருக்குல்ல."

"இருக்கு, இருக்கு. கழுவவும் கூடாது, தூக்கவும் கூடாது. அப்ப கேஸ் சிலிண்டர யாரு தூக்குவா? டாக்டரா?" என்று கேட்டுவிட்டு, மாவுக் கையாலேயே கையெழுத்துப் போட்டாள். "இந்தச் சீட்டோட எம் பக்கத்துல வந்து படுக்காத. ராத்திரி தெரியாம உரசித் தொலைச்சா என்னையும் உள்ள தள்ளிருவானுங்க."

மறுநாளிலிருந்து மதியம்தோறும் எலாதியோ கழகத்துக்குப் போய், ஒரு கண்ணாடிப் பெட்டியின் ஓட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. பெட்டிக்குள் குளிர்சாதனம். வீசுகிறவன் கையில் குளிர் ஏறினால் என்ன ஆகும் என்று சொல்லிப் பார்த்தான். அந்த நம்பிக்கையும் மிகவும் பழமையானது என்று ஒந்தினா மகிழ்ந்து குறித்துக்கொண்டாள், குளிரைக் குறைக்கவில்லை. ஊரில் வழக்கம்போல மின்சாரம் போனதும் ஜெனரேட்டர் ஓடியது, பெட்டிக்கு மட்டும். அவனுடைய கை மார்கழியில் இருந்தது. மீதி எலாதியோ வியர்வையில் நனைந்துகொண்டிருந்தான்.

அனுமதி விண்ணப்பத்தின் மேல் குழு கூடியது. குழு என்றால் டாக்டரும் ஒந்தினாவும்தான். முதலில் உட்கார்ந்து பேசினார்கள், பிறகு எழுந்து நின்று வாக்களித்தார்கள். வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. எலாதியோவால் நம்ப முடியவில்லை: அனுமதி வழங்கப்பட்டிருந்தது. அவன் அந்தத் தாளோடு ஓடிப்போய், அவனுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து இத்தனை வருஷமாக அவன் பந்தைப் பிடித்து வந்த வில்மோரிடம் காட்டினான். வில்மோர் வாசித்தபோதுதான் கீழே இருந்த நிபந்தனை தெரிந்தது.

"பந்து இல்லாம வீசலாம்னு போட்டிருக்கு மாப்ள," என்றான் வில்மோர்.

"என்னது?"

"'பந்து இறக்குமதிப் பொருள். இச்சேர்க்கையின் பகுதியல்ல. ஆகவே பந்தின்றி, நடந்து செல்பவரின் வேகத்துக்கு மிகாமல் வீசிக் காட்டலாம்.' இப்படிப் போட்டிருக்கு."

"பந்து இல்லாம என்னத்தடா வீசுறது?"

"லா கலேராக்காரன்கிட்டயும் மட்டை இல்லாம வரச் சொல்லுவோம். வந்து சும்மா கைய ஆட்டட்டும். நீ ஆட்டு, அவன் ஆட்டட்டும். யாரு நல்லா ஆட்டுறான்னு பாத்து கப்ப குடுத்துருவோம்." சொல்லிவிட்டு வில்மோர் சிரிக்கவில்லை. லீக் நடத்துகிறவர்களுக்கும் கழகத்திலிருந்து கடிதம் போயிருந்தது. கெண்டி எண் 1174-அ உடன் சேர்ந்த கை அனுமதியின்றி ஆட்டத்தில் பயன்படுத்தப்பட்டால் ஆட்டம் எதிரணிக்கே சேரும். "என் மச்சினன வச்சுத்தான் வீசணும் போல. அவன் முடி வெட்டுறதுல கெட்டிக்காரன்," என்றான் வில்மோர். எலாதியோ தாளை மடித்துக்கொண்டு எழுந்து போனான். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனையோ பேரிடம் தோற்றிருக்கிறான், அவர்கள் எல்லாரும் குறைந்தபட்சம் மட்டையாவது பிடித்திருந்தார்கள்.

சனிக்கிழமை கழகத்திலிருந்து இன்னொரு செய்தி. கெண்டியும் கையும் அடங்கிய காட்சியின் திறப்பு விழா ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு. ஆட்டம் தொடங்குவதும் அதே இரண்டு மணிக்குத்தான்.

"நாளைக்கு வேண்டாங்க, ஊரே மைதானத்துல இருக்கும்," என்று கெஞ்சினான் எலாதியோ.

"ஞாயித்துக்கிழமைதான் பொதுமக்கள் ஓய்வா இருப்பாங்க," என்றார் டாக்டர். அதற்கு மேல் அவரிடம் பேசுவது சுவரில் முட்டிக்கொள்வதற்குச் சமம். முட்டிக்கொள்ள அவனுக்குத் தலை இருந்தது, ஆனால் தலையும் கை பக்கம் சேர்ந்ததா என்று குழு இன்னும் முடிவெடுக்கவில்லை.

ஞாயிறு வந்தது. பொதுமக்கள் ஓய்வாக மைதானத்தில் இருந்தார்கள். விழாவுக்கு வந்தவர்கள் கழக ஊழியர்களும் அவர்கள் மனைவிமாரும் ஒரு டிரம்பெட்காரனும்தான். மேடையில் சிவப்புத் துணி போர்த்திய பீடத்தின் மேல் கெண்டி. பக்கத்திலேயே கைப்பிடி, தனிப் பஞ்சுமெத்தையில். அதற்கு அருகில் வெள்ளையடித்த பெரிய பலகை. பலகையில் ஒரு ஓட்டை, ஓட்டை வழியாகக் கையுறை போட்ட எலாதியோவின் வலதுகை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாங்கும் மீதி எலாதியோ பலகைக்குப் பின்னால், சுவருக்கும் ஜன்னலுக்கும் நடுவே நின்றான். ஜன்னலுக்கு வெளியே காவலாளி கசியானோ நாற்காலியைச் சாய்த்துப் போட்டு, மாம்பழம் நறுக்கித் தின்றபடி ரேடியோவில் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தான். அந்த ரேடியோ இல்லாவிட்டால் எலாதியோ ஒருவேளை பொறுத்துப் போயிருப்பான்.

டாக்டர் பேச எழுந்தார். சிறுவயதில் தான் கண்ட முதல் கதவுக் கொண்டியிலிருந்து ஆரம்பித்தார். அவர் அந்தக் கதவைத் திறந்து முடிப்பதற்குள் மைதானத்தில் நான்கு இன்னிங்ஸ் முடிந்துவிட்டது. சாந்தா பிரிகிதா ஐந்து, லா கலேரா ஒன்று. வில்மோரின் மைத்துனன் எப்படியோ தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தான். எலாதியோ பலகைக்குப் பின்னால் இருந்து மூச்சுவிட்டான்.

"அன்பர்களே!" என்றார் டாக்டர். "வரலாற்றுக்கு மிகப் பெரிய எதிரி யார்? கரையானா? இல்லை. புயலா? இல்லை. மக்கள்! வரலாற்றை மக்களிடம் விட்டுவைத்தால் அவர்கள் அதைப் பயன்படுத்தி விடுகிறார்கள். ஒரு கெண்டியைக் கொடுத்தால் தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒரு கையைக் கொடுத்தால் வேலை செய்கிறார்கள். இக்கழகம் தொடங்கப்பட்டபோது இம்மாகாணத்தின் வீடுகளில் நானூறு பழம்பாத்திரங்கள் புழக்கத்தில் இருந்தன. இன்று ஒன்றுகூட இல்லை என்பதைப் பெருமையோடு தெரிவித்துக்கொள்கிறேன்!"

கைதட்டல். டிரம்பெட்காரன் இடம் தெரியாமல் ஒரு ஊது ஊதிவிட்டு நிறுத்தினான்.

ஏழாவது இன்னிங்ஸில் முடிதிருத்துபவனின் கை களைத்தது. ஐந்துக்கு மூன்று. எட்டாவதில் ஐந்துக்கு நான்கு. டாஸ் விழுந்த கணக்கில் கடைசியாக மட்டை பிடிக்கப்போவது லா கலேரா. வர்ணனையாளன் குரல் கிழிய, "எலாதியோ எங்கே? சாந்தா பிரிகிதாவின் எலாதியோ எங்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.  இங்கேதான்டா நிற்கிறேன், பலகைக்குப் பின்னால் நிற்கிறேன் என்று எலாதியோவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

"டாக்டர்!" என்று பலகைக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டான்.

டாக்டர் பேச்சை நிறுத்தி முகம் சுளித்தார். "தாங்கி பேசக் கூடாது."

"ஒரே ஒரு சந்தேகங்க டாக்டர். கெண்டி இல்லேன்னா இந்தக் கைக்கு எதாவது மதிப்பு உண்டா?"

யாரோ தன் பேச்சைக் கவனித்துக் கேள்வி கேட்டது டாக்டருக்கு இதுவே முதல்முறை. முகம் மலர்ந்து சபையின் பக்கம் திரும்பினார். "அருமையான கேள்வி! கிடையாது. அறவே கிடையாது. கெண்டியில்லாத கை வெறும் கை. இந்த மாகாணத்தில் அப்படிப்பட்ட கைகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன, கழகம் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்க்காது."

ஓட்டையிலிருந்து நீண்ட கை மெல்ல உள்ளே போனது. கையுறை இல்லாமல் திரும்பி வந்தது. பக்கவாட்டில் நீண்டு, பீடத்தின் மேலிருந்த கெண்டியை வயிற்றோடு சேர்த்துப் பிடித்தது. இதுவும் நிகழ்ச்சியின் பகுதிதான் என்று நினைத்துச் சபை இன்னும் பலமாகக் கைதட்டியது. "கையுறை! கையுறை!" என்று ஒந்தினா மட்டும் அலறினாள்.

எலாதியோ பலகையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தான். கெண்டி அவன் நினைத்ததைவிட லேசாக இருந்தது. தண்ணீரில்லாமல் அதை அவன் தூக்கியதே குறைவு. இத்தனை வருஷமும் அம்மாவோ நெரெய்தாவோதான் அதைப் பிடித்திருக்கிறார்கள். அவன் வெறுமனே கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறான். ஒரு கணம் திரும்ப வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அதற்குள் ஜன்னலுக்கு வெளியே வர்ணனையாளன் கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸ் என்றான். எலாதியோ இடதுகாலைத் தூக்கினான், தோள் கிறீச்சிட்டது, எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த கழகத்தின் சின்னத்துக்கு நட்டநடுவில் கெண்டியை வீசினான். அந்த வருஷம் முழுவதிலும் அவன் வீசியதிலேயே நேரான வீச்சு அதுதான். பார்த்தவர்களில் பேஸ்பால் தெரிந்தவன் டிரம்பெட்காரன் ஒருவனே, "ஸ்ட்ரைக்!" என்று அவன் வாயிலிருந்து வந்துவிட்டது.

எலாதியோ தன்னைப் பிடித்துக் கட்டப் போகிறார்கள் என்று காத்திருந்தான். ஒந்தினா ஓடிப்போய்ச் சுவரடியில் மண்டியிட்டாள். ஒரு துண்டை எடுத்துத் திருப்பினாள்.

"டாக்டர்! உள்பக்கத்துல சக்கரத் தடம் தெரியுது! முழுசா இருந்தப்ப இதப் பாக்கவே முடியலையே!"

"யாரும் நகராதீங்க!" என்று கத்தினார் டாக்டர். அவருடைய கண்கள் ஈரமாக மின்னின. "இது இப்ப அகழாய்வுத் தளம்! கயிறு கொண்டு வாங்க!" விருந்தினர்களையும் அவர்களுடைய நாற்காலிகளையும் சேர்த்துக் கயிறு கட்டினார்கள். ஒரு சீமாட்டியின் செருப்புக்கடியில் சில்லு ஒன்று மாட்டியிருந்ததால் அவள் தூக்கிய காலைக் கீழே வைக்க அனுமதி கிடைக்கவில்லை. எலாதியோவை ஒருவரும் பார்க்கவில்லை. கெண்டியில்லாத கையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம் என்ற வாக்கைக் கழகம் அன்று காப்பாற்றியது.

வாசலில் கசியானோ எழுந்து வழிமறித்தான். "பொருள வெளிய கொண்டு போகணும்னா சீட்டு வேணும்ண்ணே."

"எங்கிட்ட பொருள் எதுவும் இல்ல தம்பி."

கசியானோ அவன் மணிக்கட்டைப் பார்த்தான், மாம்பழக் கத்தியால் நூலை அறுத்துச் சீட்டைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். "இப்ப இல்ல. ரெண்டு பேஸ்ல ஆள் நிக்கிறான், ரெண்டு பேரு அவுட்டு. இன்னும் ஏன் நின்னுக்கிட்டிருக்க? ஓடுண்ணே!"

வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து போனபோதுதான் எலாதியோவுக்கு அழுகை வந்தது. தாத்தா கடலைத் தாண்டிக் கொண்டுவந்த கெண்டி. புயலுக்கும் உடையவில்லை, பூனைக்கும் கைப்பிடியைத்தான் கொடுத்தது. அதைச் சுக்குநூறாக்கியவன் அவன். வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, "அழாதீங்கண்ணே, இன்னும் தோக்கல," என்று தேற்றினான்.

மைதானத்துக்குள் நுழைந்தபோது மூன்று பேஸிலும் லா கலேராக்காரர்கள் ஓடத் தயாராக நின்றார்கள். இன்னும் ஒரே ஒரு ஆளை அவுட்டாக்கினால் போதும். வில்மோர் ஓடிவந்தான். நடுவர் பையிலிருந்து கழகத்தின் கடிதத்தை எடுத்தார்.

"'கெண்டியுடன் சேர்ந்த கை'ன்னு போட்டிருக்கு. எங்கய்யா கெண்டி?"

"இல்லைங்க."

"இல்லேன்னா?"

"உடைஞ்சிருச்சுங்க."

நடுவர் கடிதத்தை இன்னொரு முறை படித்தார். "அப்ப இதுல சொல்லியிருக்கிற கை இது இல்ல. போய் வீசு," என்று சொல்லிக் காகிதத்தை மடித்து உள்ளே வைத்தார்.

நெரெய்தா எண்ணெய்ச் சட்டியை விட்டுவிட்டு வந்து நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"யாரு உடைச்சா?"

"நான்தான்."

அவள் குளிர்பானப் புட்டிகள் மிதந்த பிளாஸ்டிக் வாளியைத் தூக்கிவந்து, புட்டிகளைத் தரையில் கவிழ்த்தாள். மிச்சத் தண்ணீரை அவன் தோளிலிருந்து விரல் வரை கொட்டினாள். ஆறு நாள் கிரீஸ் ஓடி வழிந்தது. "ஆட்டம் முடியட்டும். வீட்ல இருக்கு உனக்கு," என்றாள். எலாதியோ கையைத் துடைக்காமல் மேட்டில் ஏறினான்.

மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் மட்டைக்காரன் அவுட். முதல் பந்து ஸ்ட்ரைக். மட்டைக்காரன் அசையவே இல்லை. இரண்டாவது பந்துக்கு மட்டை காற்றை அடித்தது, ஊர் எழுந்து நின்று ஆடியது. குளிர்ப்பெட்டியில் விறைத்த தோள் இரண்டு வீச்சு வரைக்கும் மரியாதை காட்டியது. மூன்றாவதற்குக் காட்டவில்லை. பந்து இடுப்புயரத்தில் பணிவாகப் போய் நின்றது, லா கலேராக்காரன் அதை மைதானத்தைத் தாண்டித் தென்னை மரங்களுக்கு அனுப்பிவைத்தான். நான்கு பேர் ஓடி வந்தார்கள், நான்கு ஓட்டம். எட்டுக்கு ஐந்து. ஆட்டம் முடிந்தது.

எலாதியோ மேட்டிலேயே நின்றான். வலித்தது; தோள் வலித்தது, அதைவிட உள்ளே வலித்தது. இனி இன்னொரு இறுதி ஆட்டம் இல்லை. ஆனாலும் தோற்றது அவன்தான், அவனுடைய கையால்தான். அந்தத் தோல்வியில் யாரும் எண் கட்டித் தொங்கவிடவில்லை. வில்மோர் வந்து முகமூடியைக் கழற்றி, "ஏன் மாப்ள அந்தப் பந்த அங்க போட்ட?" என்று கேட்டான். வேறு யாரும் அந்த வாரத்தில் அவனிடம் இவ்வளவு உரிமையாக எதையும் கேட்டிருக்கவில்லை.

நெரெய்தா எண்ணெயை வடித்துவிட்டுச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். இருவரும் வேலியோரமாக வெளியேறினார்கள். ஊர்க்காரர்கள் இருபுறமும் நின்று வாழ்த்தினார்கள்: "நாசமாப் போறவனே!", "சோத்தத் தின்னுட்டுத்தான் வந்தியா?", "பேசாம முடி வெட்டுறவனையே விட்டிருக்கலாம்டா!" எலாதியோ ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக்கொண்டே போனான். திட்டு வாங்க வாங்க மனசு கொஞ்சம் லேசாகிக்கொண்டு வந்தது.

வேலி மேல் ஏறி உட்கார்ந்திருந்த ஒரு வழுக்கைத்தலை ஆள், பியர் புட்டியை உயர்த்திக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி கத்தினான்: "டேய், அந்தக் கையக் கொண்டு போயி மியூசியத்துல வைங்கடா!"

எலாதியோ வெடுக்கென்று வலதுகையைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டான். கழகத்து ஆள் யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

"நடடி சீக்கிரம்," என்றான் நெரெய்தாவிடம்.